ஒரு நெல்லுக்கு எத்தனை மட்டம்?

2011ஆம் ஆண்டு மாசி மாதத்தில், வன்னியில் மீளக் குடியேறிய குடும்பங்களைப் பார்க்க நாம் போயிருந்தோம். ஒரு கொட்டிலின் பின்புறம், பாத்திரம் கழுவும் தண்ணீர் வடிந்தோடும் இடத்தில், ஒற்றை நெற்பயிர் ஒன்று தனியே நின்றது. இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பருத்த தூர். அந்த வீட்டுத் தாயிடம் கேட்டோம். "உது விதைச்சதில்லை, சுவாமி. நெல்லுக் குத்தேக்க சிந்தின ஒரு மணி. தானா முளைச்சுது" என்றார். நாம் குந்தியிருந்து எண்ணினோம். 27 மட்டங்கள்.

அதே நெல்தான் கொட்டிலுக்கு முன்னாலிருந்த வயலிலும் விதைக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு தூருக்கு ஒரு மட்டம், இரண்டு மட்டம், மிஞ்சினால் மூன்று. கதிர்களும் குறுகியவை. ஏக்கருக்கு 3 புசலுக்கு மேல் வீசியதாக அந்தத் தாயின் கணவர் சொன்னார். விதைநெல் கடனுக்கு வாங்கியது. ஏன் இவ்வளவு நெருக்கி விதைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நாம் இன்றும் மறக்கவில்லை. "அரைவாசி குருவிக்கும் எறும்புக்கும். கால்வாசி மழைக்கு. மிச்சம்தான் எங்களுக்கு. பல வருசம் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினனாங்கள் சுவாமி. விதை வீசேக்க கை தானா நெருக்கிப் போடுது."

இந்தப் பயம் நியாயமானது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் புறப்பட்ட நாட்கள் காலபோக விதைப்பு நாட்கள்தான். விதைநெல் மூட்டையை விட்டுவிட்டு வந்தவர்களும், மூட்டையை எடுத்து வந்து வழியில் உணவாக்கியவர்களும் எமது வாசகர்களிடையே இருக்கிறார்கள். விதை இல்லாமற்போன நாட்களைக் கண்டவருக்கு விதையை எண்ணி வீச மனம் வராது. ஆனால் ஒரே நெல் கொட்டிலின் பின்னால் 27 மட்டமும் வயலில் 2 மட்டமுமாக நிற்பதற்குக் காரணம் என்ன? அந்தக் கணக்கைப் போடுவது யார்? கடந்த இருபது ஆண்டுகளுக்குள் தாவரவியலாளர் இதற்கு நல்லதொரு விடையைக் கண்டிருக்கிறார்கள். விதைநெல்லைக் கடனுக்கு வாங்கும் குடும்பங்களுக்கு அது உதவக்கூடியது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சிறு விடயம். மட்டம் என்பது பயிர் புதிதாக எங்கிருந்தோ உண்டாக்கும் ஒன்றன்று. நெற்பயிரின் ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஓர் அரும்பு இருக்கிறது. மண்ணை ஒட்டி நெருக்கமாக அமைந்த அடிக்கணுக்களில் உள்ள அரும்புகள் விழித்து வளர்ந்தால் அவை மட்டங்களாகும். அந்த மட்டங்களின் அடிக்கணுக்களிலும் அரும்புகள் உண்டு. அவையும் விழித்தால் மட்டத்தின் மேல் மட்டம். ஆகவே முளைக்கும் ஒவ்வொரு நெல்லிடமும் ஒரு பெரிய தூருக்கான அரும்புகள் இருக்கின்றன. எத்தனை அரும்பு விழிக்கும், எத்தனை உறங்கும் என்பதுதான் கேள்வி.

உறங்கும் அரும்புகளைத் தோட்டக்காரர் நன்கு அறிவர். புகையிலையின் தலையை முறித்த சில நாட்களில் கக்கங்களிலிருந்து பக்க முளைகள் வெடித்து வருவதையும், அவற்றைக் கிள்ளிக் கிள்ளியே கை கறுத்துப் போவதையும் யாழ்ப்பாணத்தவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. செல் விழுந்து தலை போன பனைகள் வெறும் தூண்களாக நின்று பட்டுப்போயின. அதே வளவில் முறிந்து விழுந்த முருங்கை அடுத்த மாரிக்கு நான்கு கொப்புடன் தளிர்த்தது. பனைக்கு நுனிக் குருத்து ஒன்றே உயிர். முருங்கைக்கோ உறங்கும் அரும்புகள் ஏராளம். நெல் இந்த விடயத்தில் முருங்கையின் பக்கம்.

இனி, அரும்பை எழுப்புவதும் உறங்கவைப்பதும் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இதைச் சொல்ல, முகாமில் வாழ்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்.

நிவாரணம் பெறும் குடும்பங்களின் பதிவேடு கிராம சேவையாளரிடம் இருக்கும். அந்த ஏடு அவருடைய கந்தோரை விட்டு வெளியே போகாது. அதைப் பார்த்து எழுதிய துண்டுதான் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போகும். கடைக்காரர் துண்டைப் பார்த்து அரிசியும் பருப்பும் அளந்து தருவார். தாவரத்தின் ஒவ்வொரு கலத்திலும் இதே ஒழுங்கு உண்டு. கலத்தின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்பது மூலப் பதிவேடு. அதன் ஒவ்வொரு பதிவையும் பரம்பரையலகு என்கிறோம். அந்தப் பதிவைப் பார்த்து எழுதப்படும் துண்டு ஆர்.என்.ஏ. எனப்படும். துண்டு கருவை விட்டு வெளியே வந்ததும், அதில் எழுதியபடி புரதம் தயாரிக்கப்படும். கலத்தின் வேலைகளைச் செய்வது இந்தப் புரதங்களே.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். கந்தோருக்கும் கடைக்கும் இடையில் ஒருவர் நின்று, குறிப்பிட்ட ஒரு வகைத் துண்டை மட்டும் அடையாளம் கண்டு கிழித்துப் போட்டால் என்ன நடக்கும்? ஏட்டில் பெயர் இருக்கும், துண்டும் எழுதப்பட்டிருக்கும், பொருள் மட்டும் வராது. தாவரக் கலங்களில் இப்படி ஒருவர் உண்மையாகவே நிற்கிறார். நுண் ஆர்.என்.ஏ. என்று அவரைச் சொல்லலாம். அதுவும் ஆர்.என்.ஏ.தான், ஆனால் மிகக் குட்டையானது. ஒரு சாதாரண துண்டில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் இருக்கும் என்றால், இதில் இருப்பவை 20 முதல் 24 எழுத்துகள் மட்டுமே. ஒரு புரதம் இதைக் கையில் மாதிரிச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு, கலத்துக்குள் போகும் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எழுத்துகள் பொருந்தும் துண்டு அகப்பட்டால் அந்த இடத்திலேயே வெட்டிவிடும்.

இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரிய அதிகாரம் செலுத்தும் என்று நெடுங்காலம் யாரும் எண்ணவில்லை. 1990இல் அமெரிக்காவில், பெற்றூனியாப் பூவின் ஊதா நிறத்தைக் கூட்டுவதற்காக நிறத்துக்குரிய பரம்பரையலகை மேலதிகமாகச் செடிக்குள் புகுத்தினார்கள். நிறம் கூடுவதற்குப் பதிலாகப் பல பூக்கள் வெள்ளையாகவே பூத்தன. கூட்டப் போய்க் குறைந்தது. 1993இல் விக்டர் அம்புரோசும் கரி ருவ்கனும், ஒரு மில்லிமீற்றர் நீளமான உருளைப்புழு இனமொன்றில் முதலாவது நுண் ஆர்.என்.ஏ.யை விவரித்தார்கள். அது அந்தப் புழுவுக்கு மட்டுமே உரிய வினோதம் என்று பலர் நினைத்தனர். 1999இல் இங்கிலாந்தின் நொரிச் நகரில் ஹமில்ற்றனும் போல்கமும் தாவரங்களின் உள்ளேயும் குட்டை ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதைக் காட்டினர். பெற்றூனியாவின் நிறத்தை அழித்ததும் இவற்றின் இனமே. அம்புரோசுக்கும் ருவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாவரங்களிலுள்ள நுண் ஆர்.என்.ஏ.க்களுக்கு ஆய்வாளர் இலக்கம் இட்டிருக்கிறார்கள். அவற்றுள் 156ஆம் இலக்கம் கொண்டதுதான் எமது கதைக்கு வேண்டியது. அதன் நீளம் 20 எழுத்துகள். பாசி இனங்களில் தொடங்கி நெல், சோளம், பெருமரங்கள் வரை அது ஏறக்குறைய ஒரே எழுத்துகளுடன் காணப்படுகிறது.

156 எந்தத் துண்டை வெட்டுகிறது? எஸ்.பி.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதக் குடும்பத்தின் துண்டுகளை வெட்டுகிறது. நெல்லில் இக்குடும்பத்தின் 14ஆம் இலக்கப் புரதம் மட்டத்தை அடக்குகின்ற புரதம். பக்கத்து அரும்புகளை உறங்கச் செய்து, தண்டைப் பருக்கச் செய்து, பின்னர் கதிர் உருவாகும் காலம் வந்ததும் கதிருக்குள் கிளைகளைப் பெருக்கும். ஆகவே கணக்கு இதுதான்: 156 நிறைய இருந்தால் அடக்கும் புரதம் குறையும், மட்டங்கள் கூடும். 156 குறைந்தால் அடக்கும் புரதம் கூடும், மட்டங்கள் குறையும், தண்டும் கதிரும் பெருக்கும்.

இது வெறும் ஊகமன்று. 2006இல் சீன ஆய்வாளர் நெற்பயிருக்குள் 156ஐ அளவுக்கு மிஞ்சிப் பெருக்கிப் பார்த்தனர். பயிர் புல்பற்றையைப்போல் மட்டம் மட்டமாக வெடித்தது. ஆனால் குள்ளமாகி, பூப்பதும் பிந்தி, கதிர்கள் மிகச் சிறுத்தன. அடுத்த ஆண்டில் சோளத்தைப் பற்றிய ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. தண்டு ஒன்றாக உயர்வதற்குப் பதிலாகப் புல்லைப்போல் அடியிலிருந்து கிளைத்து நிற்கும் ஒரு சோள வகையை அமெரிக்கர் பல பத்தாண்டுகளாக 'புற்சோளம்' என்ற பொருள்படும் பெயரால் அறிந்திருந்தனர். அதிலே மிஞ்சிப் பெருகியிருந்ததும் இந்த 156தான்.

சோளத்தைப் பற்றி இன்னொரு சொல். மெக்சிக்கோ நாட்டில் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காட்டுப்புல்லிலிருந்து சோளம் பயிராக்கப்பட்டது. அந்தக் காட்டுப்புல் நிறையக் கிளைத்து, ஒவ்வொரு கிளையிலும் சில மணிகளே கொண்டது. கிளை குறைந்த செடிகளிலிருந்து விதையெடுத்து விதையெடுத்து, ஒற்றைத் தண்டும் பெருங்கதிரும் கொண்ட பயிரை அக்காலத்துக் கமக்காரர் உண்டாக்கினர். அவர்களுடைய கைகள் தெரிவு செய்த ஒரு பரம்பரையலகு, அரும்புகளை உறங்கச் செய்யும் புரதமொன்றுக்குரியது. அதே இனப் பரம்பரையலகு நெல்லிலும் உண்டு. எஸ்.பி.எல். 14 அதைத் தூண்டியே மட்டங்களை அடக்குகிறது. எழுத்தறியாத குடியானவரின் கையும் ஆய்வுகூடமும் ஒரே இடத்தைத் தொட்டிருப்பது எமக்கு வியப்பாக இருக்கிறது.

நெல்லுக்கு வருவோம். 2010இல் இரு நாடுகளில் ஒரே விடயம் ஒரே சமயத்தில் வெளிவந்தது. சீனாவின் பீஜிங் நகரில் ஒரு குழுவும், யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழுவும், மட்டம் குறைந்து, தண்டு பருத்து, கதிர் பெருத்த நெல்வகைகளை ஆராய்ந்து எஸ்.பி.எல். 14ஐயே வந்தடைந்தனர். சீனருடைய நெல்லில் நடந்திருந்தது மிகச் சிறியது: துண்டில் 156 பொருந்த வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஓர் எழுத்துத்தான். மாதிரிச் சீட்டு சரியாகப் பொருந்தாமற்போக, வெட்டும் வேலை தவறியது. அடக்கும் புரதம் குவிந்தது. சீனர் அந்தப் பரம்பரையலகுக்கு 'உகந்த பயிரமைப்பு' என்று பெயரிட்டனர். யப்பானியர் தமது பக்கத்தில் 'செல்வக் கமக்காரனின் கதிர்' என்று பொருள்படும் பெயரை வைத்தனர். பெயர் வைத்தவர் கமக்காரராக இருந்திருக்க மாட்டார் என்பது எமது எண்ணம்.

ஏனெனில், மட்டம் குறைந்தால் செல்வம் வரும் என்ற கணக்கு எல்லா வயலுக்கும் பொருந்தாது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1989இலேயே இவ்வழியில் ஒரு புதிய நெல்லைத் திட்டமிட்டது. சில மட்டங்களே இருக்கும். ஒவ்வொன்றிலும் 200க்கு மேற்பட்ட மணிகள் கொண்ட கதிர். 1994இல் உலகப் பத்திரிகைகள் 'சூப்பர் நெல்' என்று எழுதின. ஆனால் முதலில் உருவாக்கிய வகைகள் ஏமாற்றின. கதிர் பெரிதாக இருந்தது, மணி நிரம்பவில்லை, பதர் மிகுந்தது. பயிரின் மொத்தப் பருமனும் போதவில்லை, பீடைகளையும் தாங்கவில்லை. பின்னர் வழமையான மட்டம் கொண்ட நெல்வகைகளோடு கலந்துதான் அதைத் திருத்த வேண்டியிருந்தது. சீனாவிலும் 2017இல் வெளியான ஆய்வு, அடக்கும் புரதம் மிகக் கூடினாலும் நட்டம், மிகக் குறைந்தாலும் நட்டம், நடுத்தர அளவே விளைச்சலுக்கு உகந்தது என்று காட்டியது.

எமது வாசகர்களின் நிலைமையில் இதற்கு இன்னுமொரு பக்கம் உண்டு. நீண்டகாலம் கைவிடப்பட்டுக் கிடந்த வயலில் வரம்பு சீரில்லை, வேலி இல்லை, கட்டாக்காலி மாடு வரும், குளம் உடைத்தால் வெள்ளம் வரும். மாடு கடித்த இடத்தையும் மழை கழுவிய இடைவெளியையும் பக்கத்துத் தூர்கள் மட்டம் வெடித்து நிரப்பும். மட்டம் வெடிக்கத் தெரியாத நெல் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடும். ஒழுங்கான நீரும் பசளையும் காவலும் உள்ள வயலுக்கு மட்டம் குறைந்த நெல் ஒரு நல்ல தெரிவாகலாம். இப்போதுதான் எழுந்து நிற்கும் வயலுக்கு, இழப்பை ஈடுசெய்யும் நெல்லையே நாம் விரும்புவோம்.

சரி, எங்களிடம் ஏற்கெனவே உள்ள நெல்லுக்கு இந்த அறிவால் என்ன பயன்? 156இன் அளவு பிறப்பிலேயே நிலையாக எழுதப்பட்டதன்று. அது ஏறி இறங்கும். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதில்தான் எமது கைக்கு வேலை இருக்கிறது.

முதலாவது, வயது. இளம் நாற்றில் 156 மிகுதியாக இருக்கும். வயது ஏற ஏற அது குறைந்துகொண்டு போகும். மனிதரில் பாலப்பருவம் கழிவதுபோல் தாவரத்தில் இளம்பருவம் கழிவதை அளக்கும் மணிக்கூடு இதுவே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே மட்டம் வெடிக்கும் காலம் பயிரின் வாழ்நாளில் முற்பகுதிதான். அந்த வாரங்களில் பயிர் பட்டினி கிடந்தால், களைக்குள் மூழ்கினால், பின்னர் எவ்வளவு பசளை இட்டும் இழந்த மட்டங்கள் திரும்ப வாரா. பிந்தி வெடிக்கும் சில மட்டங்கள் கதிர் தள்ளாமலே மடியும், தள்ளினாலும் பதராகும்.

இரண்டாவது, நிழல். இதுவே எமது கொட்டிலுக்கும் வயலுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குகிறது. பச்சை இலை சூரிய ஒளியிலுள்ள சிவப்பை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அப்பாலுள்ள, எமது கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தூரச் சிவப்பைத் தெறிக்கவும் ஊடுருவவும் விடும். ஆகவே பக்கத்தில் வேறொரு பயிர் நின்றால், அதன் நிழல் உண்மையாக விழுமுன்னரே ஒளியின் நிறம் மாறிவிடும். பயிர் அதை உணரும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு ஆய்வுச் செடியில், சீன ஆய்வாளர் 2017இல் இதன் உள்வேலையைக் காட்டினர். நிழலை உணர்ந்ததும் சில புரதங்கள் 156ஐ எழுதும் பதிவுகளின் மேல் அமர்ந்து அவற்றை மூடிவிடுகின்றன. 156 குறைகிறது; அடக்கும் புரதம் ஏறுகிறது; கிளை நிற்கிறது; செடி மேல்நோக்கி நீள்கிறது. நெருக்கி விதைத்த வயலில் நெல் மட்டம் வெடியாமல் மெலிந்து உயர்வதும், காற்றுக்குச் சாய்வதும் எமது கண்ணுக்குத் தெரிந்ததே. பயிருக்கு அது பக்கத்து நெல் என்றும் தெரியாது, களை என்றும் தெரியாது. கோரையும் புல்லும் நின்றாலும் அதே கதிதான்.

மூன்றாவது, வேரிலிருந்து வரும் செய்தி. மண்ணில் பொசுபரசு குறைந்தால் வேர் ஒரு வகை ஓமோனைக் கூடுதலாக உண்டாக்கும். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, வேருக்குப் பொசுபரசு தேடிக் கொடுக்கும் நல்ல பங்கசுகளை அழைக்கும். இன்னொரு பகுதி தண்டுக்கு ஏறி, "உணவு போதாது, மட்டம் வேண்டாம்" என்று சொல்லும். இந்த ஓமோன் அரும்புகளை அடக்குகிறது என்பது 2008இல் தெரியவந்தது. எஸ்.பி.எல். 14ஐ வேலை செய்ய விடாமல் தடுத்து வைத்திருக்கும் இன்னொரு புரதத்தை அது அகற்றிவிடுகிறது என்று பின்னர் கண்டனர். அதாவது, 156 துண்டை வெட்டுகிறது. வேரின் ஓமோன் தடையை நீக்குகிறது. இரண்டும் ஒரே நெம்பின் இரு பக்கங்களிலும் கை வைக்கின்றன. நைதரசன் குறைவும் மட்டத்தைக் குறைக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபின் வந்த போகத்தில், மஞ்சளித்து ஒற்றை ஒற்றையாக நின்ற வயல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிப் புசல் கணக்குக்கு வருவோம். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஆயிரம் மணி 25 கிராம் நிறையுள்ள நெல்லாயின், ஒரு புசலில் 8 இலட்சத்து 40 ஆயிரம் மணிகள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே ஏக்கருக்கு ஒரு புசல் வீசினால் சதுர அடிக்கு 19 மணி விழும். 2 புசலுக்கு 39. 3 புசலுக்கு 58.

நேரடியாக விதைத்த நல்ல வயலொன்றில் சதுர அடிக்கு 28 முதல் 37 வரை கதிர்கள் நின்றால் போதும். 2 புசல் விதைத்து, அந்தக் கணவர் பயந்ததுபோல் அரைவாசி குருவிக்கும் எறும்புக்கும் போனாலும், 19 பயிர் மிஞ்சும். ஒவ்வொன்றும் இரண்டு கதிர் தந்தால் 38. அதாவது, பயிரிடம் நாம் கேட்பது ஒரேயொரு மேலதிக மட்டம். 3 புசல் விதைத்து எல்லாம் முளைத்துவிட்டால், சதுர அடிக்குள் 58 பயிர் ஒன்றையொன்று பார்த்து 156ஐ மூடிவிடும். மேலதிகமாக வீசிய ஒரு புசல், முளைத்து வந்து மற்ற இரண்டு புசலோடு சண்டை பிடிக்கும் புசலாகிறது.

இந்தக் கணக்கின் மறு எல்லையை ஒரு குருவானவர் தொட்டிருக்கிறார். பிரான்சைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ஹென்றி டி லொலானியே 1961இல் மடகாஸ்கர் தீவுக்குச் சென்று, அங்குள்ள ஏழைக் கமக்காரரோடு வாழ்ந்து நெல்லையே படித்தவர். 1983இல் ஒரு பயிற்சிப் பாடசாலையின் வயலில், நிலைமையின் நெருக்கடியால் 15 நாள் வயதுள்ள மிக இளம் நாற்றுகளைத் தனித்தனியே, இடைவெளி விட்டு நட வேண்டியதாயிற்று. அவை எவரும் எதிர்பாராத அளவுக்கு மட்டம் வெடித்தன. நுண் ஆர்.என்.ஏ. என்ற சொல்லே அப்போது இல்லை. அவர் யப்பானியரான கட்டயாமா என்பவர் மட்டம் வெடிக்கும் ஒழுங்கைப் பற்றி எழுதியதைப் படித்து, நாற்றின் வயதும் இடைவெளியும்தான் இரகசியம் என்று முடிவு செய்தார். 1995இல் அவர் காலமானார். அவருடைய முறையைச் செம்மை நெல் சாகுபடி என்று தமிழ்நாட்டில் அழைக்கின்றனர்.

10 அங்குல இடைவெளியில் ஒவ்வொரு நாற்றாக நட்டால், சதுர அடிக்கு ஒன்றரைத் தூர்கூட வராது. ஒவ்வொன்றும் 25 கதிர் தந்தால் சதுர அடிக்கு 36 கதிர். 2 புசல் விதைத்தபோது வந்த எண்ணுக்கு ஏறக்குறைய சமம்! விதையோ ஏக்கருக்கு 2 கிலோ போதும். 42 கிலோவுக்கும் 2 கிலோவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் விதைநெல்லைக் கடன்படும் குடும்பத்துக்குச் சிறிதன்று. ஆயினும் இதன் பாரத்தையும் சொல்லியாக வேண்டும். இம்முறையைப் பற்றிச் சிலர் சொன்ன மிகப் பெரிய விளைச்சல் எண்களை நெல் விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. நாற்று நடக் கை வேண்டும். கணவனை இழந்து தனித்து நிற்கும் பெண்ணுக்கு அந்தக் கூலி எங்கிருந்து வரும்? நிலம் மட்டமாக இருக்க வேண்டும். நீரை ஏற்றவும் இறக்கவும் முடிய வேண்டும். மானாவாரிப் புழுதி விதைப்பில் இது நடவாது. வாய்க்கால் நீர் உள்ள ஒரு பரப்பில், அடுத்த போகத்துக்கான விதைநெல்லைப் பெருக்குவதற்கு இதைச் செய்து பார்க்கலாம் என்பதே எமது அபிப்பிராயம். ஒரு பரப்புக்கு வேண்டியது ஒரு பேணி விதை.

வீசி விதைப்பவர்கள் 2 புசலில் நிற்கத் துணியலாம் என்று சொன்னோம். இதற்கு விலக்குகள் உண்டு. உவர் ஏறிய நிலத்தில் மட்டம் குறைவாகவே வெடிக்கும். அங்கே சற்று நெருக்கித்தான் விதைக்க வேண்டும். இரண்டரை மாத நெல்லுக்கு மட்டம் வெடிக்கக் காலம் போதாது. மூன்றரை, நான்கு மாத நெல்லுக்குப் போதும். கையிலுள்ள விதை பழையதாயின் 100 மணியை ஈரச் சாக்கில் முளைக்க வைத்து எண்ணிவிட்டே புசலைத் தீர்மானியுங்கள்.

விதை குறைத்தவர் முதல் நான்கு கிழமைகளில் வயலைக் கைவிடக்கூடாது. அந்தக் கிழமைகளில்தான் 156 உங்கள் பக்கம் நிற்கிறது. களையை அப்போதே பிடுங்க வேண்டும். பிந்திப் பிடுங்கும் களை தன் நிழலால் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கும். பொசுபரசுப் பசளை கிடைத்தால் அடிக்கட்டாக இடுங்கள். மக்கிய எருவும் வைக்கோலும் உழவோடு மண்ணுக்குள் போகட்டும். யூரியாவில் ஒரு பங்கை இரண்டு கிழமைப் பயிருக்கே கொடுத்துவிடுங்கள். நீரை ஆழமாகக் கட்டி வைக்க வேண்டாம். ஆழ்ந்த நீருக்குள் அடி அரும்பு எழும்பாது. நாற்று நடுபவர் ஆழ ஊன்றுவதும் அதே பிழை.

கொட்டிலின் பின்னால் நின்ற அந்த ஒற்றைத் தூரை அறுவடையின்போது திரும்பவும் போய்ப் பார்த்தோம். 27 மட்டங்களில் 22 கதிர் தள்ளியிருந்தன. மற்றவை பிந்தியவை. அந்தத் தாய் கதிர்களைத் தனியே அறுத்து, ஒரு மாப்பேணிக்குள் போட்டு, வேப்பிலையும் வைத்து மூடியிருந்தார். "உதைப் பிள்ளையளுக்குக் காட்ட வைச்சிருக்கிறன் சுவாமி, விதைக்கவும்தான்" என்றார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் தடியால் ஒரு சட்டம் கட்டுங்கள். வயலின் மூன்று இடங்களில் அதை வைத்து, விதைத்து 15ஆம் நாளில் பயிரையும், 40ஆம் நாளில் மட்டங்களையும், அறுவடைக்கு முன் கதிர்களையும் எண்ணுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையோடு எண்ணுவார்கள். எத்தனை புசல் விதைத்தீர்கள், என்ன நெல், எத்தனை மாத வயது, பாய்ச்சல் நிலமா மானாவாரியா என்பதையும் சேர்த்து உங்கள் பங்குத்தந்தையிடமோ எமது களப்பணியாளரிடமோ கொடுத்துவிடுங்கள். வரும் எண்களை ஊர் ஊராகப் பிரித்து, பெரும்போகத்துக்கு அடுத்த இதழில் வெளியிடுவோம்.